பெட்ரோல்ல ஆல்கஹால் இருக்கானு பாக்குற டியூப்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு சாண் நீளம், மேல திருகு மூடி, பக்கத்துல 10, 20, 30னு 100 வரைக்கும் கோடு, கீழ நிக்கிறதுக்கு ஒரு தட்டு. பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது, ப்ளூடூத் கிடையாது. பாத்தா ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல உடைச்சு திட்டு வாங்குவோமே அந்த அளவு ஜாடியோட பிளாஸ்டிக் தம்பி மாதிரி இருக்கும். இதுக்கு 15 டாலரானு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன், விஸ்கான்சின்ல நடக்குற ஆஷ்காஷ் ஏர் ஷோவுல பழைய பார்ட்ஸ் எல்லாம் விக்கிற ஃப்ளை மார்க்கெட் பக்கம் வெயில்ல அலைஞ்சுட்டு இருந்தப்ப கடைக்காரர்கிட்ட கேட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சார். வாங்கிட்டேன். பிராண்ட் பேரு இங்க போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டப்போறேன், அதுவும் இல்லாம இதே அச்சுல நாலஞ்சு பேர் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க.

சரி இது எதுக்கு எனக்கு. மினசோட்டால மூணு பேர் சேந்து ஒரு செஸ்னா 150 பிளேன் வெச்சிருக்கோம், 1967 மாடல், என்னை விட வயசு ஜாஸ்தி. மூணு பங்கு, அதனால நாங்க மூணு பேரும் நிஜமாவே பங்காளிங்க, பங்காளி சண்டையும் மாசத்துக்கு ஒண்ணு உண்டு. இந்த பிளேன்ல இருக்குறது கான்டினென்டல் ஓ-200 இன்ஜின், 100 குதிரை சக்தி, கம்ப்ரஷன், அதாவது பெட்ரோலும் காத்தும் கலந்ததை இன்ஜின் இறுக்குற அளவு, 7-க்கு 1 தான். இது செஞ்ச காலத்துல 80/87னு ஒரு ஏவியேஷன் பெட்ரோல் கிடைச்சுது, சிவப்பு கலர், ஈயம் ரொம்ப கம்மி. அது வழக்கொழிஞ்சு போச்சு. இப்ப ஏர்போர்ட் பம்ப்ல கிடைக்கிறது 100 எல்.எல், நீல கலர், பேருல 'லோ லெட்'னு இருக்கும் ஆனா பழைய 80-ஐ விட நாலு மடங்கு ஈயம் இதுல இருக்கலாம். எங்க சின்ன இன்ஜினுக்கு அது தேவையே இல்ல, தேவையில்லாத ஈயம் எங்க போகும், ஸ்பார்க் பிளக்ல போய் உக்காரும். கீழ் பிளக்கை கழட்டிப் பாத்தா கடுகு கடுகா சாம்பல் கலர்ல உருண்டை உருண்டையா இருக்கும், அதை ஊசி வெச்சு குடைஞ்சு எடுக்கணும், எங்கம்மா பல்லு குத்துற மாதிரி உக்காந்து குடைஞ்சிருக்கேன். கேலனுக்கு ரெண்டு டாலருக்கு மேல மிச்சம்ங்கிறது தனி. அதனாலதான் கார் பெட்ரோலுக்கு மாறுனோம்.

கார் பெட்ரோலை சும்மா ஊத்திட முடியாது, அதுக்கு எஸ்.டி.சினு ஒரு அனுமதி பேப்பர் வேணும். 1982-ல ஈ.ஏ.ஏனு சின்ன பிளேன் பிரியர்களோட சங்கம் தான் முதல் முதலா வாங்குச்சு, அதுவும் இதே செஸ்னா 150-க்கு. நெப்ராஸ்கால பீட்டர்சன் ஏவியேஷன்னு ஒரு கம்பெனி, அவங்களும் ஏகப்பட்ட மாடலுக்கு வெச்சிருக்காங்க. காசு கட்டினா பேப்பர் வரும், டேங்க் மூடி பக்கத்துல ஒட்ட ஸ்டிக்கர் வரும், மெக்கானிக் 337 ஃபார்ம் போட்டு எஃப்.ஏ.ஏ-வுக்கு, அதாவது அமெரிக்க விமானத் துறைக்கு அனுப்புவார், முடிஞ்சது. ஆனா அந்த பேப்பர்ல ஒரு வரி இருக்கு, பெட்ரோல்ல ஆல்கஹால் இருக்கக் கூடாது. எத்தனாலோ மெத்தனாலோ, கொஞ்சம்னா பரவால்லங்கிற பேச்சே கிடையாது.

இதுல சிக்கல் என்னன்னா இங்க அமெரிக்கால பெரும்பாலான பம்ப்ல வர்ற பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால். மினசோட்டால சாதாரண பெட்ரோலுக்கு அது சட்டமே, சோளம் விளையுற ஊரு, சும்மா விடுவாங்களா. ஆனா 91 ஆக்டேன் (இன்ஜின்ல தட்டாம எரியுற திறனோட அளவு) பிரீமியத்துல எத்தனால் இல்லாம விக்க விலக்கு குடுத்திருக்காங்க, பழைய கலெக்டர் கார், படகு, ஸ்னோமொபைல், புல்வெட்டி மெஷின் இதுக்கு எல்லாம்னு பம்ப்லயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. நாங்க வாங்குறது அதுதான். ஸ்டிக்கர் தான் இருக்கே அப்புறம் டெஸ்ட் எதுக்குனு எங்க ரெண்டாவது பங்காளி கேட்டான், கோயம்புத்தூர்க்காரன், எல்லாத்துக்கும் கணக்கு கேப்பான். ஸ்டிக்கர் பம்ப்ல இருக்கு, பெட்ரோல் தரைக்கு கீழ இருக்கு, நடுவுல யார் என்ன பண்ணாங்கன்னு ஸ்டிக்கருக்கு தெரியாதுடான்னு சொன்னேன். அதுவும் வேற சில ஸ்டேட்ல 10 சதவீதம் இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டணும்னு சட்டமே இல்ல.

ஆல்கஹால் அவ்வளவு கெட்டதா, கார்ல ஓடுதேன்னு கேக்குறவங்களுக்கு. ஆல்கஹால்ல பிளேன் பறக்காதுனு நான் சொல்லவே இல்ல, பிரேசில்ல எம்ப்ரேயரோட இபனேமானு ஒரு மருந்தடிக்கிற பிளேன் 2004-ல இருந்து முழு எத்தனால்லயே சர்டிஃபை ஆகி பறக்குது. சின்ன பிளேன்ல வர்ற ரோட்டக்ஸ் 912 இன்ஜினுக்கு அந்த கம்பெனியே 10 சதவீதம் வரைக்கும் ஓகே சொல்லியிருக்காங்க, பிளேன் செஞ்சவங்களும் சரின்னா ஊத்தலாம். அதெல்லாம் அதுக்குன்னே யோசிச்சு செஞ்சது. எங்க கிழவி 1967-ல பொறந்தவ, அவ உடம்புல இருக்குற ரப்பர் வாஷர், ஓஸ், டேங்க் சீலண்ட், கார்புரேட்டர் உள்ள இருக்குற ஐட்டம் எதுவும் ஆல்கஹாலை பாத்ததே இல்ல. ரப்பர் ஊதும், இளகும், உதிரும், அந்த தூள் எல்லாம் போய் ஃபில்டர்ல அடைக்கும். எங்க ஹேங்கருக்கு (பிளேன் நிறுத்துற கொட்டகை) அடுத்த ஹேங்கர்ல ஒரு பெரியவர் பைப்பர் கப்னு ஒரு பழைய பிளேன் வெச்சிருக்கார், மஞ்சள் கலர், அதுல பெட்ரோல் கேஜ்னு எதுவும் கிடையாது, டேங்க் மூடில ஒரு கம்பி நீட்டிட்டு இருக்கும், கம்பிக்கு அடியில ஒரு கார்க் மிதக்கும், பெட்ரோல் இறங்க இறங்க கம்பி இறங்கும். பழைய கார்க் மேல அரக்கு வார்னிஷ் பூசியிருப்பாங்க. ஆல்கஹால் பட்டா அந்த வார்னிஷ் கரைஞ்சு பிசினா கீழ போகும், கார்க் பெட்ரோல் குடிச்சு கனமாகும், அந்த கம்பியும் பொய் சொல்லும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, ரெண்டுமே நம்ம தலையில விழும்.

ஆனா எனக்கு உண்மையிலேயே பயம் குடுத்த விஷயம் ரப்பர் இல்ல, தண்ணி. பறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இறக்கைக்கு அடியில இருக்குற வால்வை அமுக்கி கொஞ்சம் பெட்ரோல் ஒரு சின்ன கப்புல பிடிச்சு வெளிச்சத்துல பாப்போம், தண்ணி இருந்தா கீழ முத்து மாதிரி உருண்டு நிக்கும், கண்ணுக்கு தெரியும், கொட்டிட்டு மறுபடி பிடிப்போம். இந்த பழக்கம் மொத்தமும் தண்ணியும் பெட்ரோலும் ஒட்டாதுங்கிற ஒரே விஷயத்தை நம்பித்தான் இருக்கு. எத்தனால் நடுவுல வந்தா அது ரெண்டுக்கும் தரகு வேலை பாக்கும், தண்ணியை இழுத்து பெட்ரோலுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கும். 10 சதவீத பெட்ரோல் 15 டிகிரி சுமாருக்கு அரை சதவீதம் வரைக்கும் தண்ணியை இப்படி மறைச்சு வெச்சுக்கும், நீங்க கப்புல பாத்தா பளிங்கு மாதிரி இருக்கும். மேல போனா குளிரும், குளிர்ந்தா அவ்வளவு தண்ணியை பிடிச்சு வெச்சுக்க முடியாது, தண்ணியும் ஆல்கஹாலும் கைகோத்துட்டு பிரிஞ்சு டேங்க் அடிக்கு போகும். அடியில இருந்துதான் இன்ஜினுக்கு குழாய் போகுது. போதாததுக்கு ஆல்கஹால் பிரிஞ்சு போனதுல மேல மிச்சம் இருக்குற பெட்ரோலோட ஆக்டேனும் இறங்கிடும், ஏன்னா அது ஆல்கஹாலை நம்பித்தான் 87 ஆச்சு. 3000 அடியில இந்த கெமிஸ்ட்ரி பாடம் வேண்டாம்.

இப்ப டியூப் எப்படி வேலை செய்யுதுன்னு. மேல சொன்ன அதே வில்லத்தனத்தைத்தான் இது நமக்கு சாதகமா யூஸ் பண்ணுது. 10 கோடு வரைக்கும் தண்ணி, அதுக்கு மேல 100 வரைக்கும் பெட்ரோல், மூடியை போட்டு ஒரு நிமிஷம் நல்லா குலுக்கி, மெதுவா மூடியை லேசா திறந்து காத்தை விட்டுட்டு, சமமான இடத்துல வெச்சுட்டு காத்திருக்கணும். பெட்ரோல்ல ஆல்கஹால் இருந்தா அது பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட போய் சேந்துக்கும், ஆல்கஹாலுக்கு எப்பவும் தண்ணி மேலதான் பாசம். அடியில இருக்குற தண்ணி லேயர் உசரும். ஆல்கஹால் இல்லேன்னா கோடு 10-லயே நிக்கும். 10 சதவீத பெட்ரோல்னா 90 மில்லில 9 மில்லி ஆல்கஹால், அதனால கோடு 18-ஐ ஒட்டி வந்து நிக்கும், 19-க்கு கொஞ்சம் கம்மிதான் இருக்கும், தண்ணியும் ஆல்கஹாலும் கலந்தா மொத்த அளவு லேசா சுருங்கும். நீங்க ஒரு கண்ணாடி ஜாடில டேப் ஒட்டி செஞ்சாலும் இதேதான், எஃப்.ஏ.ஏ 2006-ல ஆல்கஹால் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டப்ப சொன்னதும் இந்த தண்ணி டெஸ்ட் தான். அந்த பைப்பர் கப் பெரியவர் இன்னிக்கும் ஆலிவ் ஊறுகாய் பாட்டில்ல தான் பாக்குறார், கோடு எல்லாம் கிடையாது, ஒரு துண்டு மாஸ்கிங் டேப். நான் 15 டாலர் குடுத்தேன்னு சொன்னப்ப அவர் என்னை பாத்த பார்வை இருக்கே.

முதல் நாளே எனக்கு இந்த டியூப் தண்ணி காட்டுச்சு. கேனை எடுத்துட்டு பங்க் போனேன், நிறைய வாங்கி அப்புறம் ஆல்கஹால்னு தெரிஞ்சா என்ன பண்றது, அதனால முதல்ல ஒரு சின்ன கேன்ல கால் கேலன் சுமாருக்கு பிடிச்சு ஓரமா போய் டெஸ்ட் பண்ணேன். 18. அப்படியே ஜிவ்வுனு ஏறுச்சு, பிரீமியம் பம்ப்ல ஸ்டிக்கர் ஒட்டி எத்தனால் விக்கிறியான்னு உள்ள போய் கல்லால இருந்த பையன்கிட்ட ஒரு பாட்டு பாடுனேன், அவன் பாவம் காலேஜ் படிக்கிற பையன் மாதிரி இருந்தான், என் கைல இருந்த குழாயை பாத்து போதைப் பொருள் கேஸ்னு நினைச்சானோ என்னவோ, மேனேஜருக்கு போன் போட்டான். மேனேஜர் ஒரு அம்மா, பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, அந்த பம்ப்ல எத்தனை ஓஸ் இருக்குன்னு. ஒண்ணு. 87, 89, 91 மூணுக்கும் ஒரே ஓஸ். எனக்கு முன்னாடி வந்தவன் 87 போட்டுட்டு போயிருக்கான், அவனோட மிச்சம் ஓஸ்ல நிக்குது, கேலன்ல மூணுல ஒரு பங்கு சுமார் அதுல தங்கும், நான் பிடிச்ச கால் கேலன் முழுக்க அவனோடது. நான் டெஸ்ட் பண்ணது என் பெட்ரோலையே இல்ல, முன்னாடி வந்தவனோட எச்சில.

அன்னிலேர்ந்து என் வழி என்னன்னா, முதல் ஒரு கேலனை என் காருக்கு போட்டுடுவேன், அதுக்கு அப்புறம் நிறுத்தாம கேன். இதை டியூபோட வர்ற பேப்பர்ல போட்டிருக்கானான்னு பாத்தா இல்ல. குலுக்கு, வை, படி, இவ்வளவுதான் இருக்கு. பெட்ரோலை எங்க இருந்து எப்படி எடுக்கணும்ங்கிறதுதான் இதுல பாதி வேலை, அதைப் பத்தி மூச்சே இல்ல. இது என் முதல் கம்ப்ளைண்ட். இன்னொண்ணும் சேத்து சொல்லிடறேன், கேனை பிக்கப் வண்டி பின்னாடி வெச்சபடியே பிடிக்காதீங்க, தரையில இறக்கி வெச்சு நாசில் கேன் வாயைத் தொட்டபடி பிடிங்க, பிளாஸ்டிக் ஷீட் மேல உக்காந்திருக்குற கேன்ல ஸ்டாட்டிக் கரண்ட் சேந்து பொறி பறக்கும், இதுல தீப்பிடிச்ச கதை நிறைய.

ரெண்டாவது சம்பவத்துல டியூப் அதோட காசை எடுத்து குடுத்துடுச்சு. போன வருஷம் அக்டோபர், வேற ஒரு பங்க், எந்த பங்க்னு கேக்காதீங்க. வழக்கம் போல காருக்கு ஒரு கேலன், அப்புறம் அஞ்சு கேலன் கேன் ரெண்டு. ஹேங்கர்ல வெச்சு டெஸ்ட் பண்ணேன், கோடு 14. கண்ணு சரியில்லையோன்னு மறுபடி புது தண்ணி ஊத்தி பண்ணேன், 14. ரெண்டாவது கேன்ல இருந்து எடுத்து பண்ணேன், 14. கோயம்புத்தூரான் வந்து பாத்தான், அவன் ஒரு தடவை பண்ணான், அவனுக்கும் 14, அவனுக்கு அதுல ஒரு ஏமாத்தம் கூட இருந்துது ஏன்னா நான் தப்பா பண்றேன்னு நிரூபிக்கத்தான் வந்தான். அதாவது நாலு நாலரை சதவீதம் ஆல்கஹால். ஓஸ்ல நின்னது பத்து கேலன்ல கலந்தா இவ்வளவு வராது, கோடு அரை மில்லி ஏறினாலே பெருசு. பங்க்ல போய் சொன்னேன், முந்தின நாள் தான் டேங்கர் வந்துதுன்னு ஒரு வார்த்தை, தோளை ஒரு குலுக்கு, அவ்வளவுதான் பதில். ஸ்டிக்கர் மட்டும் பம்ப்ல ஜம்முனு ஒட்டியே இருந்துது. பத்து கேலனும் என் காருக்கும் பங்காளி காருக்கும் போச்சு, நஷ்டம்னு ஒண்ணும் இல்ல, அன்னிக்கு பறக்கல அவ்வளவுதான்.

சரி இப்ப பொருளைப் பத்தி குறை. மொதல்ல கோடு. அச்சடிச்ச கோடு, பொறிச்சது இல்ல. பெட்ரோல் படப்பட ஆறு மாசத்துல 10-ஐயும் 20-ஐயும் தேட வேண்டியதாயிடுச்சு. பெட்ரோலை டெஸ்ட் பண்ணத்தான் விக்கிறான், அந்த பெட்ரோல் பட்டா அழியிற இங்க்ல கோடு போட்டு விக்கிறான், இவனை என்ன பண்றது. நான் கத்தி முனையால கீறி வெச்சேன், மூணாவது பங்காளியோட மனைவி அந்த கீறல்ல சிவப்பு நெயில் பாலிஷ் விட்டு குடுத்தாங்க, அதுவும் நாலு மாசத்துல கரைஞ்சுடுச்சு, ஆனா கீறல் இருக்கு. அடுத்தது பிளாஸ்டிக் மங்குது. புதுசுல கண்ணாடி மாதிரி இருந்துது, இப்ப மூடுபனி விழுந்த மாதிரி இருக்கு, வெயில்ல தூக்கிப் பிடிச்சாதான் லேயர் தெரியுது. அப்புறம் மூடி. உள்ள இருக்குற வாஷர் ஊதிப்போய் குலுக்கும்போது கசியுது, கைல பெட்ரோல் வழியுது, வீட்டுக்கு போனா வைஃப் வாசல்லயே நிறுத்திடறா. ஆல்கஹால் ரப்பரை என்ன பண்ணும்னு கண்டுபிடிக்க விக்கிற பொருளோட ரப்பரையே ஆல்கஹால் தின்னுடுச்சுங்கிறது, ஒரு விதத்துல லைவ் டெமோ.

கோடு தெரியாம கஷ்டப்படுறவங்களுக்கு ஒரு டிப், தண்ணில ஒரு சொட்டு ஃபுட் கலர் போட்டுக்கோங்க, கேசரிக்கு போடுற பொடியோ சொட்டு மருந்தோ எதுவா இருந்தாலும் சரி, தண்ணில கரையுறதா இருக்கணும், எண்ணெய்ல கரையுற கலர் போட்டா அது பெட்ரோல் பக்கம் ஓடிடும். நான் பச்சை போடுறேன். சிவப்பு லேயர் மங்கின பிளாஸ்டிக்ல சரியா தெரியல. குலுக்கின உடனே படிக்கக் கூடாது, நடுவுல நுரை மாதிரி ஒரு கலங்கல் படலம் நிக்கும், அது அடங்கணும், நான் அஞ்சு நிமிஷம் விடுறேன், குளிர் நாள்ல பத்து. கண்ணு கோட்டுக்கு நேர் மட்டத்துல இருக்கணும், மேல இருந்து எட்டிப் பாத்தா ஒரு மில்லி தப்பா தெரியும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை நல்லா தெரிஞ்ச 10 சதவீத பெட்ரோல் கொஞ்சம் வாங்கி டியூபையே டெஸ்ட் பண்ணிப்பேன். அதுல 18 காட்டுதுன்னா என் கை, என் கண்ணு, என் டியூப் மூணும் சரி. எப்பவும் 10 காட்டுற டியூபை வெச்சுட்டு ஆஹா ஆல்கஹாலே இல்லன்னு சந்தோஷப்படுறது, ஓடாத கடிகாரத்தை பாத்து நேரம் கரெக்ட்னு சொல்ற கதைதான்.

டியூப் மங்கினதுக்கு அப்புறம் 100 மில்லி கண்ணாடி அளவு சிலிண்டர் ஒண்ணு வாங்குனேன், லேப்ல யூஸ் பண்றது, கோடு கண்ணாடியிலயே சுட்டுப் பதிச்சது, அழியாது, கிட்டத்தட்ட அதே விலை. ஒவ்வொரு மில்லிக்கும் கோடு இருக்கு, அதனால அரை மில்லி ஏறினாலும் தெரியும், பிளாஸ்டிக் டியூப்ல ரெண்டு மில்லிக்கு ஒரு கோடு, நடுவுல நம்ம ஊகம். ஆனா கண்ணாடி சிமெண்ட் தரையில ஒரு தடவைதான் விழும். ஒண்ணு அப்படி போச்சு, பனிக்காலத்துல கை விறைச்சுப் போய் நழுவிடுச்சு. இப்ப ஹேங்கர்ல ரெண்டாவது கண்ணாடி, பிளேன்ல பைக்குள்ள இந்த பழைய பிளாஸ்டிக், ஏன்னா வேற ஊர்ல இறங்கி கார் பெட்ரோல் வாங்க வேண்டி வந்தா கண்ணாடியை தூக்கிட்டு திரிய முடியாது. அப்படி கார் பெட்ரோல் விக்கிற ஏர்போர்ட்டும் ரொம்ப கம்மி, கிடைச்சாலும் நான் டெஸ்ட் பண்ணாம ஊத்துறதில்ல, ஏர்போர்ட் பம்ப்னா மட்டும் புனிதமா என்ன.

எலெக்ட்ரானிக் டெஸ்டர் பத்தியும் கேப்பீங்க. எத்தனால்லயும் ஓடுற ஃப்ளெக்ஸ் ஃபியூவல் கார்ல ஒரு சென்சார் இருக்கும், ஆல்கஹால் எவ்வளவுன்னு அது ஃப்ரீக்வென்சியா சொல்லும், சுத்த பெட்ரோல்னா 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால்னா 150. எங்க ஏர்போர்ட்ல ஒருத்தர் அதை ஒரு சின்ன போர்டோட கோத்து டிஸ்ப்ளே வெச்சு செஞ்சு வெச்சிருக்கார், பாக்க அம்சமா இருக்கு, நம்பர் உடனே வருது. ஆனா அவரே பக்கத்துல ஒரு ஜாடி வெச்சு தண்ணி டெஸ்ட்டும் பண்றார், ஏன்யான்னு கேட்டா சென்சார் பொய் சொன்னா எனக்கு எப்படி தெரியும்னு சொல்றார். நியாயம்தான். எனக்கு அதுல காசு போட மனசு வரல.

டியூப் எதை எல்லாம் சொல்லாதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. ஆல்கஹால் இருக்கா இல்லையா, அந்த ஒரே கேள்விக்குத்தான் இதுகிட்ட பதில் இருக்கு. ஆக்டேன் எவ்வளவுன்னு சொல்லாது. பழைய பெட்ரோலா புதுசான்னு சொல்லாது, கார் பெட்ரோல் ஏவியேஷன் பெட்ரோல் மாதிரி மாசக்கணக்குல தாங்காது, நாங்க ரெண்டு மாசத்துக்கு மேல கேன்ல வெச்சுக்குறதில்ல. குளிர்காலத்துக்குன்னு சீக்கிரம் ஆவியாகுற மாதிரி பெட்ரோல் விப்பாங்க, அதை வாங்கி வெச்சு ஏப்ரல்ல திடீர்னு வெயில் அடிக்கிற நாள்ல ஊத்துனா குழாய்லயே ஆவியாகி இன்ஜினுக்கு பெட்ரோல் போகாம முக்கும், அதையும் டியூப் சொல்லாது. எங்க பிளேன்ல டேங்க் இறக்கைல மேல இருக்கு, பெட்ரோல் தானா கீழ இறங்குது, அதனால அந்த பயம் கொஞ்சம் கம்மி. கீழ் இறக்கை பிளேன் வெச்சிருக்கவங்க ஜாக்கிரதையா இருக்கணும்.

இதை பத்தி வாட்ஸப்ல பேசிட்டு இருக்கும்போது மதுரைல இருந்து என் மச்சான் கேட்டான், மாமா அந்த குழாயை ஒண்ணு எனக்கு அனுப்பி விடுங்க, என் பைக்குக்கு ஊத்துற பெட்ரோல்ல என்ன இருக்குன்னு பாக்கணும்னு. இந்தியால 2025-லயே 20 சதவீதம் எட்டியாச்சு, அதனால அவன் இதுல பாத்தா கணக்குப்படி கோடு 27-ஐ ஒட்டி வரணும். ஆனா அவனுக்கு ஆல்கஹால் இருக்கான்னு பாக்க டியூப் எதுக்கு, பம்ப்லயே 'இ20'னு எழுதியிருக்கு, இல்லாத பெட்ரோல் கேட்டா எங்க போவான். வேணா ஹார்லிக்ஸ் பாட்டில்ல டேப் ஒட்டி பண்ணுடா, வெளிய திறந்த இடத்துல பண்ணு, பக்கத்துல பீடி குடிக்கிறவன் இல்லாம பாத்துக்கோ, முடிஞ்சதும் அதை வண்டில ஊத்திடாத, தண்ணி கலந்தது அதுன்னு சொன்னேன். மூணு நாள் கழிச்சு போட்டோ அனுப்பினான். ஹார்லிக்ஸ் பாட்டில் இல்ல, மாமியார் வீட்டு தேன் பாட்டில், கோடு போட்டது என் அக்கா பொண்ணு, ஸ்கெட்ச் பேனால, அது பாதி அழிஞ்சு போயிருந்துது.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுக்குறேன். கோட்டை பொறிச்சு குடுத்திருந்தா நாலரை. வாங்குறவங்க கூடவே மூடிக்கு ரெண்டு வாஷர் எக்ஸ்ட்ரா வாங்கிடுங்க, பெட்ரோல் தாங்குற விட்டான் வகை வாஷரா கேட்டு வாங்குங்க, கருப்பு சாதா ரப்பர் வேண்டாம். கண்ணாடி சிலிண்டர் வாங்குறவங்க அடித்தட்டு அறுகோணமா இருக்குறதா பாத்து வாங்குங்க, வட்டமா இருந்தா மேஜையில இருந்து உருண்டு போயிடும், எனக்கு அப்படித்தான்.